போணி ஆகாத கப்பல்

நான் வேலை பார்த்த கப்பல் யாரையும் சுட்டதில்லை. சுடுகிற கப்பல்களுக்குக் குண்டு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அதன் வேலை. கல்யாண வீட்டில் மணவறையில் உட்காருகிறவர்களும் உண்டு, பந்திக்குச் சாம்பார் வாளி தூக்குகிறவர்களும் உண்டு. நாங்கள் வாளி தூக்குகிற கூட்டம். ஆனால் கடற்படையில் என்னை எடுத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்த அன்றே எங்கள் ஊர் என்னை மணவறையில் உட்கார வைத்துவிட்டது.

கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் வம்சத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை போய்த் திரும்பியவன் நான் ஒருவன்தான். அப்பா வானம் பார்த்த பூமியில் பயிர் வைக்கிறவர். அவர் டீக்கடையில் உட்கார்ந்து, "எம் மகன் பீரங்கி சுடுறான்" என்று சொல்லியிருக்கிறார். "யாரைச் சுடுறான்?" என்று யாரோ கேட்டதற்கு, "அதையெல்லாம் வெளிய சொல்லக்கூடாதாம்" என்றாராம். அதற்குப் பிறகு என் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

உண்மை வேறு. எங்கள் கப்பல் முன்பு ஏதோ ஒரு கம்பெனிக்குச் சரக்கு ஏற்றிய கிழட்டுக் கப்பல். அதை வாங்கி, வயிற்றுக்குள் மரப்பலகை அடித்து, சாம்பல் வண்ணம் பூசி, மூக்கில் ஒரு பழைய பீரங்கியும் வைத்தார்கள். வைத்ததோடு சரி, அதற்குக் கித்தான் உறை மாட்டிவிட்டார்கள். நான் இருந்த காலத்தில் உறையைப் பலமுறை மாற்றியிருக்கிறார்கள். பீரங்கியை ஒருமுறையும் சுடவில்லை.

கப்பலில் ஏறுகிற இடத்தில் ஒரு காவல்காரர் மரப்பெட்டியோடு நிற்பார். தீப்பெட்டி, பீடி, சிகரெட், லைட்டர் எதுவானாலும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கப்பல் தலைவரே வந்தாலும் அவர் கை நீளும். வாயால் கேட்க மாட்டார். கையை நீட்டுவார், அவ்வளவுதான். செருப்பில் ஆணி இருக்கக் கூடாது. குண்டு ஏற்றுகிற நாளில் சமையல்கட்டிலும் அடுப்பு எரியாது. ரொட்டியும் வாழைப்பழமும்தான் சாப்பாடு. கீழே அறைகளில் வெப்பமானி மாட்டியிருக்கும். காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் காலையிலும் மாலையிலும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். சூடு கொஞ்சம் ஏறினால் காற்றோட்டத்தைத் திறப்போம். குண்டுகளை அவ்வளவு செல்லமாக வளர்த்தோம்.

சின்னக் குண்டுகளைக் கைமாற்றித்தான் ஏற்றுவது. வரிசையாக நிற்போம். அதற்கு ஒரு சட்டம் உண்டு. வாங்குகிறவன் கைக்கு வந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கொடுக்கிறவன் கையை எடுக்கலாம். பார்த்தால் தெரியாதா என்று கேட்கக் கூடாது. சொல்ல வேண்டும். பஞ்சாபிக்காரன், மலையாளி, வங்காளி எல்லோரும் அவரவர் வாய்க்கு வந்தபடி சொல்வார்கள். நான் தமிழில் "வந்துருச்சு" என்பேன். அவர்களுக்கு அது பழகிவிட்டது.

இப்படி ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே வேலையாக நான்கைந்து வருஷம் போயிற்று. அறுபத்தேழாம் வருஷம் லீவில் ஊருக்கு வந்தேன். அந்த லீவில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணை நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். அது அம்மாவுக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. முந்தைய லீவில் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற பஸ்ஸில் மடியில் ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் நெரிசல். கண்டக்டர் ஜாடியைக் கீழே வைக்கச் சொன்னார்.

"ஒங்க பஸ்ஸு குதிக்கிற குதிக்கு ஜாடி தாங்காது. எடம் பத்தலைன்னா நீங்க வேணா எறங்கி நடந்து வாங்க" என்றாள்.

பஸ் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நான் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கை அடியில், ஒரு கை கழுத்தில். பள்ளம் வரும்போது முழங்காலைத் தூக்கி, அதிர்ச்சியைத் தன் மேல் வாங்கிக்கொண்டாள். எங்கள் கப்பலில் புதிதாக வருகிறவனுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க மாதக்கணக்காகும். தேவகோட்டை வருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். ஆகவே மாமா, "தேவகோட்டைப் பொண்ணு, பஸ்ஸுல கண்டக்டரையே எறங்கி நடந்து வரச் சொன்னவ" என்று அடையாளம் சொன்னபோது, எனக்குக் காதில் விழுந்தது அதுவரை கேட்ட செய்திகளிலேயே நல்ல செய்தி.

மாமா என் அம்மாவின் தம்பி. ஊரில் எந்தச் சம்பந்தம் பேசினாலும் அவர் இருப்பார். பெண் வீட்டுக்குப் போகிற வழியில் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"மாப்ளே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. அதுலயும் பாதி சொல்லு. மீதியை நான் பாத்துக்குறேன்."

"பொய் சொல்லச் சொல்றீகளா மாமா?"

"பொய் சொல்லச் சொல்லலடா. உண்மையக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்றேன்."

பெண்ணின் அப்பா தேவகோட்டையில் ஒரு செட்டியார் வீட்டு வயல்வெளி, ஆள், அறுவடை எல்லாவற்றையும் பார்த்துவந்தார். தன் வீட்டில் ஒரு மாடு வாங்குவதென்றாலும் செட்டியாரைக் கேட்டுத்தான் வாங்குவார். மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைக் கேட்காமல் இருப்பாரா? நாங்கள் போனபோது செட்டியாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். வாயில் சுருட்டு. வயசுக் காலத்தில் ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றி அனுப்பியவர். அவருக்குக் கப்பல் என்றால் சரக்கு.

பெண் வந்து காபி கொடுத்துவிட்டுப் போனாள். ஜாடி வைத்திருந்த அதே கைகள். தட்டு ஆடவில்லை. என் மனசு நிறைந்திருந்த அந்த நேரம் பார்த்துச் செட்டியார் ஆரம்பித்தார்.

"தம்பி கப்பல்ல இருக்கிறதாச் சொன்னாக. என்ன சரக்கு?"

மாமா முந்திக்கொண்டார். "சண்டைக் கப்பலுங்க. பீரங்கியெல்லாம்..."

"பீரங்கி சரக்கு இல்லையே. நான் தம்பியக் கேக்குறேன்."

"குண்டு, அய்யா" என்றேன். "பீரங்கிக் குண்டு, அதுக்கு வேண்டிய மருந்து."

"எங்குட்டு எறக்குவீக?"

"கடல்லயே, அய்யா. சண்டைக் கப்பல்க நிக்கிற எடத்துக்கே கொண்டுபோயிக் குடுப்போம்."

செட்டியார் முகம் மலர்ந்தது. "கடைக்கு அவுக வர வேணாம், நம்மளே போயிக் குடுக்குறது. நல்ல ஏற்பாடு. போனா எல்லாத்தையும் வாங்கிக்கிருவாகளா?"

இந்த இடத்தில்தான் நான் பாதியோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒருவர் என் கப்பலைப் பற்றி அறிவோடு கேட்டது அதுதான் முதல் தடவை. வெற்றிலைத் தட்டை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டேன். சுண்ணாம்பு டப்பா எங்கள் கப்பல். பாக்கு குண்டு. வெற்றிலைகள் சண்டைக் கப்பல்கள்.

"சண்டை வந்தா முழுக்க வாங்கிக்கிருவாக, அய்யா."

"வரலேன்னா?"

"பயிற்சிக்குன்னு கொஞ்சம் எடுத்துக்கிருவாக. மிச்சத்த நாங்க திருப்பிக் கொண்டாந்துருவோம்."

"கொண்டாந்து?"

"எறக்கி, தொடச்சு, ஒவ்வொண்ணாப் பாத்து, மறுபடி ஏத்துவோம்."

"ஏத்தி?"

"கொண்டுபோவோம், அய்யா."

"போயி?"

"கொண்டாருவோம்."

செட்டியார் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். என் குண்டுகளில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். "அறுபத்தஞ்சுல ஒரு சண்டை வந்துச்சே. அப்பயாச்சும் வித்துச்சா?"

"அது வடக்க, தரையில நடந்த சண்டை, அய்யா. நாங்க தயாரா நின்னோம். யாரும் வந்து கேக்கலை."

மாமா தொண்டையைச் செருமினார். அதன் பொருள் எனக்குத் தெரியும். ஆனாலும் கேள்வி வந்துகொண்டிருந்தது.

"கப்பலை எங்க நிறுத்துவீக? மத்த கப்பல்களோடயா?"

"இல்ல அய்யா. எங்க கப்பலுக்குப் பக்கத்துல யாரும் வரக்கூடாது. துறைமுகத்துல கடைசியா, தனியாத் தள்ளித்தான் நிறுத்துவாக."

"ஊரை விட்டு ஒதுக்கி வச்ச மாதிரியா?" என்று பெண்ணின் அப்பா பயந்துபோய்க் கேட்டார். "என்ன தப்புப் பண்ணுச்சு?"

"ஒரு தப்பும் பண்ணலைங்க. பண்ணீரக் கூடாதேன்னுதான். அடையாளத்துக்கு ஒரு செவப்புக் கொடி ஏத்தி வச்சிருப்போம்."

பெண்ணின் அப்பா செட்டியாரைப் பார்த்தார். அந்த வருஷம்தான் தேர்தல் முடிந்திருந்தது. கொடி என்றால் எல்லோருக்கும் ஒரு கட்சி இருந்தது.

"செவப்புக் கொடியா?" என்றார் செட்டியார் மெதுவாக. "கவர்மெண்டுக்குத் தெரியுமா?"

நான் விளக்கினேன். உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் வெடிமருந்து ஏற்றுகிற கப்பல் சிவப்புக் கொடிதான் ஏற்றும் என்று சொன்னேன். விளக்கம் நீள நீள அவர் முகம் சுருங்கியது. கடைசியில் எழுந்து, பெண்ணின் அப்பாவைத் தோளில் தொட்டு வாசலுக்குக் கூட்டிப்போனார். தாழ்ந்த குரலில்தான் பேசினார். ஆனால் அது வியாபாரிகளின் தாழ்ந்த குரல், அடுத்த தெருவரை கேட்கும்.

"பையன் நல்ல பையன். கப்பல்தான் சரியில்ல. நெறைய ஏத்திக்கிட்டுப் போகுது, நெறைய ஏத்திக்கிட்டு வருது. பொறந்ததுலேருந்து போணி ஆகலை. இந்தக் கப்பலை எந்தக் கம்பெனியும் ரொம்ப நாளு ஓட்டாது. நாளைக்கு மூடிட்டா பொண்ணு என்ன பண்ணும்? யோசிச்சுச் செய்யி."

வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு வரும்வரை மாமா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பஸ் ஸ்டாண்டில் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாதி சொல்லுன்னேன். நீ வெத்தலத் தட்டுல கடலையே விரிச்சுட்டியேடா."

"அவரு கேட்டாரே மாமா."

"அவரு கேப்பாரு. நாளைக்குக் கப்பல் எப்பிடி முங்கும்னு கேட்டா, தண்ணிக்குள்ள குதிச்சுக் காட்டுவியா?"

அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்பாவுக்கு வேறு கவலை. நான் பீரங்கி சுடவில்லை என்பது தேவகோட்டைக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து டீக்கடைக்கு எத்தனை நாளில் வரும்? பெண் வீட்டிலிருந்து பதில் இல்லை. லீவு கரைந்துகொண்டிருந்தது. திரும்பிப் போனால் அடுத்த லீவு எப்போது என்று தெரியாது. ஜாடியை அப்படிப் பிடிக்கிற பெண் அதுவரை யாருக்கும் வாய்க்காமல் இருப்பாள் என்று நான் நம்பவில்லை.

அந்த வாரமே மாமா ஒரு சேதி கொண்டுவந்தார். செட்டியார் மகளுக்குக் கல்யாணம். சீர் சாமான்களை எல்லோரும் பார்க்கும்படி பரப்பி வைக்க வேண்டும். நாலு கட்டு வீட்டில் சாமான் அறையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்க ஆள் பற்றவில்லை என்று பெண்ணின் அப்பா திண்டாடுகிறார்.

"நீ போயிக் கூடமாட நில்லு. ஒடம்பு வேலை செய்யட்டும். வாயி மட்டும் வேலை செய்யக் கூடாது. தெரியுதா?"

போனேன். அந்தச் சாமான் அறையின் கதவைத் திறந்ததும் என் கால்கள் வாசலிலேயே நின்றுவிட்டன. தரையிலிருந்து உத்தரம் வரை சாமான். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, எனாமல் அடுக்கு, பர்மாவிலிருந்து வந்த மங்கு என்கிற பீங்கான் சாமான், ஆளுயர ஜாடிகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வைக்கோல் திணித்திருந்தது. மேலே தேக்கு உத்தரம். ஒரே கதவு, ஜன்னலே இல்லை. இருட்டுக்கு உள்ளே ஒரு சிம்னி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி ஓர் ஆள் வைக்கோலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்க வேண்டாம் என்று மாமா சொன்னது நினைவிருந்தது. திறக்கவில்லை. கையை நீட்டினேன்.

அந்த ஆள் என் கையைப் பார்த்தார். "என்ன தம்பி, ஒரு இழுப்பு வேணுமா?"

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். விளக்கை வெளியே கொண்டுபோய் வைத்தேன். ஒரு கண்ணாடியை வளவு என்கிற நடுமுற்றத்தில் வெயிலுக்குச் சாய்த்துவைத்து, வெளிச்சத்தை அறைக்குள் திருப்பினேன். ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கதவருகில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவரிடமும் தீப்பெட்டி, பீடிக்கட்டு எல்லாவற்றையும் வாங்கிப் போட்டேன்.

"ஏம்ப்பா, கோயிலுக்குப் போனாச் செருப்பத்தான் வாங்குவாக. இங்க பீடியவும் வாங்குறாக" என்றார் ஒருவர்.

"கப்பல்ல இப்பிடித்தானாம்" என்றார் இன்னொருவர். "அதேன் அந்தக் கப்பலு வெளங்கலை."

பெண்ணின் அப்பா ஒரு தூணுக்குப் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆனால் நான் ஆரம்பித்துவிட்டேன். ஆட்களை அறையிலிருந்து வளவு வரை வரிசையாக நிற்க வைத்தேன். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு. வாங்குகிறவர் "வந்துருச்சு" என்று சொல்ல வேண்டும், அதுவரை கொடுக்கிறவர் விடக் கூடாது என்றேன்.

"புள்ள பொறந்த மாதிரில்ல சொல்லச் சொல்றீக!"

"சொல்லித்தான் பாருங்களேன்."

முதலில் கேலியாகச் சொன்னார்கள். "வந்துருச்சு!" என்று ஒருவர் கத்த, "ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?" என்று அடுத்தவர் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கேலி தேய்ந்து ஒரு தாளமாகிவிட்டது. வந்துருச்சு, வந்துருச்சு என்று வீடெங்கும் ஓடியது. முந்தைய கல்யாணத்தில் மங்குத் தட்டுகள் ஒரு கூடை உடைந்ததாம். அன்று காலை முழுக்க ஒரு கீறல் விழவில்லை.

வளவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புளி போட்டுப் பித்தளை விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் இருந்தாள். வரிசையின் கடைசி ஆளாக நின்றவர் தண்ணீர் குடிக்கப் போனார். அந்த இடத்துக்கு நான் போனேன். வேண்டுமென்று போனேனா என்று கேட்டால், ஆமாம்.

ஒரு குடத்தை நீட்டினேன். அவள் எழுந்து வந்து பிடித்தாள். நான் விடவில்லை.

"விடுங்க" என்றாள்.

"சொல்லணும்."

"ஊரே பாக்குது."

"சொன்னாத்தான் விடுறது. சட்டம்."

அவள் குடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "கப்பல்ல குண்டு வெடிக்காமப் போனதுல ஆச்சரியமே இல்ல. இப்பிடிக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டிருந்தா எங்குட்டு வெடிக்கும்?" என்றாள். பிறகு மெல்ல, உதடு அசையாமல், "வந்துருச்சு" என்றாள்.

நான் விட்டேன். அப்படியே நல்லபடியாக வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கூடையை யாரும் பார்த்துக்கொள்ளவில்லையே என்று நினைவு வந்து கதவருகில் திரும்பி வந்தேன். அப்போது செட்டியார் வந்தார்.

வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர் நேரே சாமான் அறையை நோக்கி நடந்தார். வாயில் சுருட்டு. நுனியில் சாம்பல் ஒரு அங்குலத்துக்குத் தொங்கியது. உள்ளே வைக்கோல். என் கல்யாணம் அவர் தலையசைப்பில் இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் வீடு, அவர் அறை, அவர் சுருட்டு. இதெல்லாம் ஒரு பக்கம் மனசில் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போதே, இன்னொரு பக்கம் என் கை நீண்டுவிட்டது.

"வந்துருச்சு" நின்றது. ஒருவர் கையில் ஒரு ஜாடி பாதியில் நின்றது.

"என்னப்பா?" என்றார் செட்டியார்.

"அய்யா, சுருட்டு."

அவர் என்னைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார். அதில் கிடந்த பீடிகளைப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் தன் சுருட்டைச் சேர்ப்பதா என்று யோசித்ததுபோல் இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"குடுங்களேன். கேக்குறாருல்ல."

செட்டியாரின் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் ஆச்சி. ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து. காலையிலிருந்து ஊஞ்சலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். செட்டியார் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். நான் அதைப் பக்கத்திலிருந்த தண்ணீர் வாளியில் நுனி நனைத்து, துடைத்து, கூடையில் பீடிகளுக்கு மேலே மரியாதையாக வைத்தேன். அவர் அறைக்குள் போகவில்லை. திரும்பி நடந்து முகப்புக்குப் போய்விட்டார்.

பெண்ணின் அப்பா தூணைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாயத் தொறக்காதன்னேன். கையை நீட்டக் கூடாதுன்னு சொல்ல மறந்துட்டேன். எம் மேலதான் தப்பு" என்றார். நான் பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை பெண்ணின் அப்பா வந்தார். கையில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு. அம்மா கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். அவர் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, முந்தைய இரவு செட்டியார் வீட்டில் நடந்ததை இரண்டு பேர் குரலிலும் நடித்துக் காட்டினார்.

ஆச்சி சொன்னாராம்: "கொண்டுபோயிக் கொண்டாருற கப்பலுன்னு சிரிச்சீகளாமே. எங்கப்பச்சி எனக்கு வண்டி வண்டியாச் சாமான் குடுத்தாக. நேரே அந்த அறைக்குள்ள போச்சு. வருசா வருசம் எடுக்குறேன், வெளக்குறேன், திரும்ப அடுக்குறேன். ஒரு அண்டாவாச்சும் ஒரு நாளு அடுப்பு ஏறியிருக்கா? இப்ப மகளுக்குக் குடுக்குறோம். அவ என்ன பண்ணுவா? அவ வீட்டு அறையில அடுக்குவா. அப்ப நானும் நட்டத்துல ஓடுற கம்பெனிதானா?"

செட்டியார் சொன்னாராம்: "அண்டா வெடிக்காதே."

"ஒங்க சுருட்டோட உள்ள போயிருந்தீகன்னா தெரிஞ்சிருக்கும், வெடிக்குமா வெடிக்காதான்னு. கல்யாணமாகி வந்ததுலேருந்து நானும் சொல்றேன், அந்த அறைக்குள்ள சுருட்டோட போகாதீகன்னு. கேட்டீகளா? அந்தப் புள்ள ஒரு கையை நீட்டுச்சு, குடுத்துட்டீக. அப்பேர்ப்பட்ட கை ஒரு வீட்டுக்கு வேணும்."

கடைசியில் செட்டியார் பெண்ணின் அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "அன்னைக்குப் பாத்தப்ப பையன் நல்லவன், கப்பல்தான் சரியில்லைன்னு நெனச்சேன். இப்பக் கப்பல் பரவால்லைன்னு தோணுது, பையன்தான் ஒரு மாதிரியா இருக்கான். ரெண்டும் ஒருசேரச் சரியா அமையாது போல. பேசி முடி."

லீவு முடிவதற்குள் கல்யாணம் நடந்தது. பெண்ணின் அப்பா மகளின் கையை எடுத்து என் கையில் வைத்தார். வைத்தவர் விடவில்லை. அழுதுகொண்டே பிடித்துக்கொண்டிருந்தார். நேரம் போகிறது என்று ஐயர் முணுமுணுத்தார். கூட்டத்திலிருந்து மாமா குரல் கொடுத்தார். "மாப்ளே, 'வந்துருச்சு'ன்னு சொல்லுடா. அப்பத்தான் விடுவாரு."

சொன்னேன். விட்டார். சாமான் தூக்கிய ஆட்கள் எல்லோரும் பந்தலில் இருந்தார்கள். அவர்கள் ஒரே குரலில் "வந்துருச்சு!" என்றதில் மேளக்காரர் கெட்டிமேளம் என்று நினைத்து அடித்துவிட்டார்.

செட்டியார் கொஞ்சம் தாமதமாக வந்தார். மணவறைக்கு அருகில் வந்து, இடுப்பிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, என் முன்னால் வைத்துவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த ஆச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

கப்பல் அதற்குப் பிறகும் அப்படியேதான் போயிற்று, வந்தது. எழுபத்தொன்றில் சண்டை வந்தபோதுதான் அது மாறியது. விளக்கெல்லாம் அணைத்துக் கரையோரமாக ஊர்ந்து போய், காத்திருந்த கப்பல்களுக்கு ஒரு பக்கமிருந்து கொடுத்துக்கொண்டே வந்தோம். "வந்துருச்சு" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிவிட்டது. எல்லாம் கொடுத்துத் தீர்ந்து, முதல்முறையாகக் காலி வயிற்றோடு திரும்பினோம். பாரம் இல்லாத கப்பல் எங்களுக்குப் பழக்கமே இல்லை. அது ஆடிய ஆட்டத்தில் பாதிப் பேர் வாந்தி எடுத்தார்கள். சந்தோஷப்படுவதா என்று யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் துடைத்துத் துடைத்து வைத்தவை எங்கே போய் யார்மேல் விழுந்தன என்று நினைத்தால் ரொட்டி இறங்கவில்லை. ஊருக்குப் போயிருந்த என் மனைவி செட்டியார் வீட்டில் இந்தச் சேதியைச் சொன்னாளாம். அவர் சுருட்டை எடுத்துவிட்டு, "இப்பத்தான் போணியா?" என்று கேட்டிருக்கிறார். கொஞ்சம் பொறுத்து, "போதும். இதோட கடையக் கட்டச் சொல்லு" என்றாராம்.

கடையைக் கட்ட இன்னும் சில வருஷம் ஆயிற்று. அடித்தகடு அரித்துவிட்டது, இனிமேல் இதில் குண்டு ஏற்ற முடியாது என்று முடிவு செய்தார்கள். கொடி இறக்கினார்கள். தேசியக் கொடியை இறக்கும்போது எல்லோரும் விறைப்பாக நின்றோம். அந்தப் பழைய சிவப்புக் கொடியை மடித்து வைக்கும்போதுதான் சமையல்காரர் அழுதார். கப்பலைப் பம்பாய்ப் பக்கம் உடைக்கிற இடத்துக்கு இழுத்துப்போனார்கள். சாமான்களை ஒப்படைக்க என்னை அனுப்பினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது வேலை ஆரம்பித்திருந்தது. ஏறுகிற இடத்தில் காவல்காரர் இல்லை. பெட்டியும் இல்லை. கால் வைத்து நுழைந்தால், நாங்கள் ஆணிச் செருப்பு போடாமல் நடந்த தளத்தில், வாயுத் தீயால் இரும்பை அறுத்துக்கொண்டிருந்தார்கள். தீப்பொறி மழையாகக் கொட்டியது. எங்கள் நடு அறையின் மூடிமேல் உட்கார்ந்து ஒரு தொழிலாளி தீக்குச்சியைக் கிழித்துப் பீடி பற்றவைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். காலி செய்தவனே நான்தான். ஆனாலும் என் கை தானாக நீண்டது.

அவர் என் கையைப் பார்த்தார். நல்ல மனிதர். மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, குச்சியும் கிழித்துக் காட்டினார்.

எனக்குப் பழக்கமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.

அப்போது நாங்கள் குடியிருந்த கொச்சிக்கு வந்து சட்டையைத் துவைக்கப் போட்டபோது என் மனைவி பையிலிருந்து அந்தப் பீடியை எடுத்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கையை நீட்டினீக, பர்மாச் சுருட்டு வந்துச்சு. இன்னைக்கு நீட்டினா ஒத்தப் பீடி. எறங்குமுகமாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அதைத் தூக்கி எறியாமல் என்னிடமே நீட்டினாள். நான் வாங்கினேன். அவள் விடவில்லை.

"சொல்லுங்க" என்றாள்.